ஒரே இரும்புச் சட்டியில் உப்புக்கறி

காரைக்குடியில் ஒற்றை அறையில் தங்கியிருந்தபோது என்னிடம் ஒரு இரும்புச் சட்டி, ஒரு மூடி, ஒரு கரண்டிதான். மிக்ஸி கிடையாது. மாவுச்சத்தைக் குறைக்க நினைத்தபோது கைகொடுத்தது செட்டிநாட்டு உப்புக்கறி. இதற்கு மசாலா அரைக்கவே வேண்டாம்.

அரை கிலோ கோழிக்கு 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். விதை உதிர்த்த வரமிளகாய் 8, முழுப் பூண்டு 10 பல், சின்ன வெங்காயம் 15 போட்டு வதக்குங்கள். வெங்காயத்தை இதற்கு மேல் கூட்ட வேண்டாம், அதிலும் மாவுச்சத்து உண்டு. அப்புறம் கறி, மஞ்சள்தூள், கல் உப்பு. தண்ணீர் ஒரு கை தெளித்தால் போதும், கறியே நீர் விடும். மூடி போட்டு சிறுதீயில் 25 நிமிடம், பிறகு திறந்து சுருள வதக்குங்கள்.

கறியை எடுத்ததும் சட்டியைக் கழுவிவிடாதீர்கள்! ருசியே அடியில் ஒட்டியிருப்பதில்தான். அதிலேயே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸைப் பிரட்டினால் சோற்றுக்குப் பதில் அதுதான். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, கோஸில் 6 கிராம்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சோற்றைக் குறையுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

மீந்த கறியை இரும்புச் சட்டியிலேயே வைக்காதீர்கள், கறுத்துவிடும்.