ஏசி இல்லாமல் குளிரும் வகுப்பறை: காந்தோ பள்ளி வழியில், ஊரே சேர்ந்து கட்டுவது எப்படி?

வெயில் கொளுத்தும் ஊரில் குறைந்த பணத்தில் ஒரு பள்ளிக்கூடமோ படிப்பகமோ கட்டப் போகிறீர்களா? வரைபடம் போடும் முன் மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டின் காந்தோ கிராமத்துப் பள்ளியைக் கொஞ்சம் பாருங்கள். அந்த ஊரிலேயே பிறந்த பிரான்சிஸ் கேரே, பெர்லினில் கட்டடக்கலை படிக்கும்போதே பணம் திரட்டி 2001இல் கட்டி முடித்த பள்ளி அது. 2004இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2022இல் வாங்கி, அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கரும் கேரேதான்.

முதலில், மண் சுவர் நிற்கும் என்று ஊரை நம்ப வையுங்கள். மண் மழையில் கரைந்துவிடும், காங்கிரீட் போடுங்கள் என்றுதான் காந்தோ மக்களும் சொன்னார்கள், அவர்கள் பார்த்த மண் வீடுகள் அப்படித்தான் கரைந்தன. பேசிப் பேசி மாளாது, ஒரு மாதிரிச் சுவர் கட்டி ஒரு மழை நனைய விடுங்கள், அவர்களே வந்து தொட்டுப் பார்க்கட்டும். அதற்கப்புறம் வேலை தானாகப் பரவும்: காந்தோவில் பிள்ளைகள் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அடுத்து மண். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும் களிமண் மேலேயும் படியும், இரண்டும் போதுமான அளவு இருக்க வேண்டும். கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து, கை அச்சில் அழுத்தி மண் கல் அறுத்து, நிழலில் ஈரம் காயாமல் சில வாரம் வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சுவர் பலமாக இருக்காது.

விஷயமே கூரையில்தான். தகரத்தை நேராகச் சுவர் மேல் வைத்தால் அறை அடுப்பாகிவிடும். கேரே சுவருக்கு மேல் மண் கல்லாலேயே இடுக்கு விட்ட ஒரு உட்கூரை அமைத்து, அதற்கு மேலே, காற்று ஓட நல்ல இடைவெளி விட்டு, தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். தகரத்தின் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது, அறையின் சூடான காற்று இடுக்கு வழியாக மேலேறுகிறது, ஜன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வருகிறது. தகரம் வெளியே நன்றாக நீண்டிருப்பதால் சுவரில் மழையும் நேராக அடிப்பதில்லை. தகரத்தைத் தாங்குவது சாதாரண கட்டடக் கம்பியை வளைத்து வெல்டிங் செய்த சட்டம்! கிரேன் வராத ஊர் என்பதால், கை ரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் போதும் என்ற அளவில் அதை யோசித்திருக்கிறார். உங்கள் ஊர் வெல்டரால் செய்ய முடியாத எதையும் வரைபடத்தில் போடாதீர்கள்.

பழைய கொத்தனார்களையும் தேடிப் பிடியுங்கள். நைஜர் நாட்டின் தண்டாஜி கிராமத்தில் பழைய மசூதியை நூலகமாக மாற்றியபோது, கட்டடக்கலைஞர் மரியம் இசூஃபு அதை முதலில் கட்டிய கொத்தனார்களையே வரவழைத்தார்.

மழைக்காலத்துக்கு முன் தகரம் ஏறிவிடும்படி நாள் குறியுங்கள். தப்பினால் சுவரின் மேல் வரிசையைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.