செட்டிநாட்டில் துணைப்பண்பாடு ஆய்வு: களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் களப்பணிக்கு வரும் மாணவர்களின் நோட்டைப் பிரித்தால், முதல் பத்துப் பக்கமும் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை என்றே இருக்கும். இவை ஒரு சமூகம் சேர்த்த பொருட்கள். அந்தச் சமூகம் தனக்கென ஒரு வாழ்முறையை எப்படி உண்டாக்கிக்கொண்டது என்பதற்கு இவற்றில் விடை கிடைக்காது. ஒரே மாதிரிச் சிக்கலில் இருப்பவர்கள் தங்களுக்குள் நெருங்கிப் பழக வாய்த்தால்தான் துணைப்பண்பாடு, அதாவது பெரிய சமூகத்துக்குள் ஒரு குழு தனக்கென வகுத்துக்கொள்ளும் வாழ்முறை, பிறக்கும் என்று 1955இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்பர்ட் கோஹன். களத்தில் இறங்கும் எவருக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. யார் யாரை எங்கே சந்தித்தார்கள், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? முதல் வாரம் முழுக்க இதை மட்டும் கேளுங்கள்.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரிடம் கேட்டால் பேச்சு அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களுக்கும், வெளிநாட்டில் கூடித் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிக்கும் போகும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் நீண்ட கூடத்தில் அன்று ஆளுக்கொரு மேசையும் பெட்டகமும் இருந்தன. பகலில் அங்கேதான் கொடுக்கல் வாங்கல், இரவில் அங்கேதான் படுக்கை. பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில், வீட்டுப் பெண்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன் கணக்கோடு நடைமுறையையும் அந்தக் கூடத்திலேயே கற்றான். இதை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் படம் பிடித்து என்ன பயன்?

அடுத்தது எண்ணிக்கையில் வரும் பிழை. பெரிய வீட்டைப் பார்த்ததும் ‘கூட்டுக்குடும்பம், ஒன்று’ என்று படிவத்தில் குறித்துவிடுகிறார்கள். மகனுக்குத் திருமணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ இங்கே வழக்கம். கூரை ஒன்று, அடுப்பும் வரவுசெலவும் தனி. கோயில் வரியும் திருமணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கொண்டே கணக்காகிறது. வீட்டுக்கதவை எண்ணினால் ஒன்று, அடுப்பை எண்ணினால் நான்கு, ஐந்து என்று வரலாம். வீடு, அடுப்பு, புள்ளி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் பிறகு வரும் எல்லா அட்டவணையும் பிழையாகும்.

முகப்பில் உட்கார்ந்து ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு வருவது இன்னொன்று. துணைப்பண்பாட்டு ஆய்வுகள் தெருவையே பார்த்தன, அதனால் பெண்கள் விடுபட்டார்கள் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இலேயே சுட்டிக்காட்டினார்கள். இங்கே சீர் முறை, சாமான் கணக்கு, யாருக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஆச்சிகளின் நினைவில் இருக்கின்றன. பெண்கள் புழங்கும் இரண்டாம் கட்டுக்குள் போக மாணவி ஒருவர் குழுவில் வேண்டும். ஒரு வீட்டில் மூன்று தலைமுறையைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பதில் மாறும்.

செட்டிநாடு என்றாலே நகரத்தார் என்று எழுதுவதும் தவறு. வல்லம்பர், முஸ்லிம்கள், ஆசாரிகள், வேளார், பட்டியல் சாதியினர் என்று பலரும் வாழும் வட்டாரம் இது. வட்டார வழக்கு எது, ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியது எது என்று பிரிக்க, ஒரே கேள்வியை வீட்டுக்காரரிடமும் சமையற்காரரிடமும் கொத்தனாரிடமும் கேட்டாக வேண்டும்.

எல்லாவற்றையும் ‘தொன்று தொட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். பெரிய வீடுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1850க்கும் 1940க்கும் இடையில், பர்மா, மலாயா, இலங்கைப் பணத்தில் எழுந்தவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும் 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவை முறித்தன. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த கதையை மரபு என்று குறியுங்கள், வரலாற்றுச் சான்றாக அல்ல.

கோட்பாட்டிலும் கவனம் தேவை. 1970களில் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டன் தொழிலாளர் வீட்டு இளைஞர்களின் உடையிலும் இசையிலும் ஆதிக்கப் பண்பாட்டுக்கான எதிர்ப்பைக் கண்டார்கள். காரைக்குடி ரசிகர் மன்றத்துக்கு அதில் கொஞ்சம் பொருந்தலாம். வட்டித்தொழிலில் செழித்த வணிகருக்கு அதை ஒட்டவைத்தால் ஆய்வு திரிந்துவிடும்.

கடைசியாக, காலம். குடும்பங்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் சாதாரண நாளில் போனால் பூட்டிய கதவும் காவலாளியும்தான். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாளையொட்டி வரும் பிள்ளையார் நோன்புக்கு, 21 நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி உட்கொள்ள உறவுகள் கூடும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும். இந்த இரண்டையும் கணக்கில் வைத்துக் களப்பணியைத் திட்டமிடுங்கள். அனுமதியை ஒரு மாதம் முன்பே கேளுங்கள், நோன்பு வீட்டில் கேமராவை எடுக்கும் முன் மறுபடியும் கேளுங்கள்.