மெஸ் செயலாளர் ஆகிவிட்டீர்களா? மாணவர்களே மெஸ் நடத்தும் முறை, முதல் நாளிலிருந்து

கல்லூரி திறந்த முதல் வாரம் விடுதிப் பொதுக்குழு கூடும். "இந்த வருஷம் மெஸ் செக்ரட்டரி யாரு?" என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ உங்கள் பெயரைச் சொல்ல, கைதட்டி முடித்துவிடுவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையல் மாஸ்டர் உங்கள் அறைக் கதவைத் தட்டி, "தம்பி, உளுந்து இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும்" என்பார். உளுந்து எங்கே வாங்குவது, யார் பணம் தருவது, எவ்வளவு வாங்குவது என்று அப்போது ஒன்றுமே தெரியாது. அப்படி ஒரு காலை எனக்கும் வந்தது. 180 பேர் சாப்பிடும் விடுதியில் ஒரு வருடம் செயலாளராக இருந்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் சொல்வது காண்ட்ராக்ட் மெஸ் பற்றி அல்ல. அங்கே ஒப்பந்தக்காரர் ஒரு விலை சொல்வார், நீங்கள் கட்டுவீர்கள். இது டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைச் சாப்பிட்டவர்களே பகிர்ந்துகொள்வது. லாபம் பார்க்க யாரும் இல்லை. வாங்குவது, சமைக்கச் சொல்வது, கணக்கு எழுதுவது, பண்டிகை கொண்டாடுவது எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. காப்பாளர் மேற்பார்வை பார்ப்பார், காசோலையில் கையெழுத்துப் போடுவார்.

படி 1: ஐந்து பேரைச் சேருங்கள்

தனியாக நடத்த முடியாது. கணக்குக்கு ஒருவர், கொள்முதலுக்கு இருவர், ஸ்டோருக்கு ஒருவர், பரிமாறும் கூடத்துக்கு ஒருவர். கொள்முதல் பார்ப்பவர்களை மாதம்தோறும் மாற்றுங்கள். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல. ஒரே ஆள் ஒரே கடைக்கு ஆறு மாதம் போனால் அந்தக் கடைக்காரரிடம் பேரம் பேச வாய் வராது. எல்லா ஆண்டு மாணவர்களும் குழுவில் இருக்கட்டும். முதலாண்டு மாணவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு என்ன குறை என்று மூன்றாம் ஆண்டுக்காரருக்குத் தெரியாது.

படி 2: ஸ்டோரை எடை போட்டு வாங்குங்கள்

பொறுப்பேற்கும் நாளில் அரிசி மூட்டை முதல் கடுகு டப்பா வரை எடை போட்டு எழுதுங்கள். அதுதான் உங்கள் ஆரம்ப இருப்பு. பழைய நோட்டில் இருக்கும் எண்ணை அப்படியே நகல் எடுக்காதீர்கள். ஸ்டோருக்கு இரண்டு பூட்டு போடுங்கள். ஒரு சாவி ஸ்டோர் பார்க்கும் மாணவரிடம், இன்னொன்று மெஸ் மேலாளரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். தினமும் மாலை மாஸ்டர் மறுநாளைக்குத் தேவையானதை இண்டெண்ட் சீட்டில் எழுதித் தருவார். அதைப் பார்த்து எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டாக் ரெஜிஸ்டரில் கழிக்க வேண்டும். இதைப் பத்து நிமிட வேலை என்று நினைத்து ஒரு நாள் விட்டீர்கள் என்றால் மாதக் கடைசியில் பத்து மணி நேரம் போகும்.

படி 3: அளவு தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுச் சமையல் கணக்கு இங்கே உதவாது. எங்களுக்குச் சரியாக வந்த அளவுகள் இவை. உங்கள் ஊருக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்பக் கொஞ்சம் கூடும், குறையும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி. 100 பேருக்கு 15 கிலோ. சாம்பாருக்கு 100 பேருக்கு துவரம்பருப்பு இரண்டரை முதல் மூன்று கிலோ. பொரியலுக்கு நறுக்காத காயாக 10 கிலோ. கோழிக்குழம்பு என்றால் ஆளுக்கு 150 கிராம் கறி. இட்லிக்கு ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய 50 இட்லி வரும். ஆளுக்கு ஐந்து என்று வைத்தால் 100 பேருக்கு 10 கிலோ அரிசி, இரண்டரை கிலோ உளுந்து.

ஆனால் 180 பேர் விடுதியில் தினமும் 180 பேர் சாப்பிடுவதில்லை. வெள்ளி மாலை பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு மதியம் பிரியாணிக்குக் கூட்டம் அள்ளும், அன்று இரவு பாதிப் பேர் பசியில்லை என்பார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு எல்லோரும் பத்து மணிக்கு வருவார்கள். இந்த ஓட்டத்தைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு வேளையும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுவது. மிச்சம் கொட்டும் வாளியையும் எடை போடுங்கள். நாங்கள் இதைச் செய்த பிறகுதான் புதன் இரவு உப்புமா வாளி வாளியாகப் போகிறது என்று தெரிந்தது. அடுத்த வாரம் அதைச் சேமியா கிச்சடி ஆக்கினோம்.

படி 4: கொள்முதல்

மளிகைக்கு மாதம் ஒருமுறை மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். குறைந்த விலைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பருப்பை ஒரு கைப்பிடி வாங்கிவந்து மாஸ்டரிடம் வேகவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேகாத பருப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் கேஸில் அந்தக் காசு போய்விடும்.

காய்கறியை மொத்தச் சந்தையிலேயே வாங்குங்கள். சென்னை என்றால் கோயம்பேடு, திருச்சி என்றால் காந்தி மார்க்கெட், திண்டுக்கல் பக்கம் என்றால் ஒட்டன்சத்திரம். விடியலுக்கு முன் போனால் நல்ல காய் கிடைக்கும். வண்டி வந்ததும் உங்கள் தராசில் மறுபடி எடை போடுங்கள். பில்லில் 40 கிலோ, தராசில் 37 என்றால் அங்கேயே பில்லில் எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மறுநாள் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேஸுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை மெஸ்ஸில் பயன்படுத்துவது சட்டவிரோதம், மலிவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் காப்பாளரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 5: பில் பிரிப்பது

எல்லோரும் பயப்படும் இடம் இது. ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் பயம் போய்விடும்.

மாத ஆரம்ப இருப்பு 62,000 ரூபாய். மாதம் முழுக்க வாங்கியது 3,58,000. மாதக் கடைசியில் எடை போட்டுப் பார்த்த இருப்பு 48,000. அப்படியானால் தின்று தீர்த்தது 3,72,000. கேஸ் 27,800, சில்லறைச் செலவு 5,000 சேர்த்தால் 4,04,800. விருந்தினர் டோக்கன், கூடுதல் முட்டை டோக்கன் விற்றதில் வந்த 16,000-ஐக் கழித்தால் 3,88,800.

இப்போது நாள் கணக்கு. 180 பேர், 30 நாள், மொத்தம் 5,400. ஊருக்குப் போய் ரிடக்‌ஷன், அதாவது சாப்பிடாத நாளுக்குப் பில்லில் கழிவு, வாங்கியவர்களின் நாள்கள் 540. மிச்சம் 4,860 நாள். 3,88,800-ஐ 4,860-ஆல் வகுத்தால் நாளுக்கு 80 ரூபாய்.

சமையல்காரர்கள் சம்பளத்தை இதில் கலக்காதீர்கள். நீங்கள் ஊருக்குப் போனால் உங்கள் பங்கு அரிசி மிச்சமாகும், மாஸ்டர் சம்பளம் மிச்சமாகாது. அது 90,000 என்றால் 180 பேருக்கும் சமமாக ஆளுக்கு 500. ஆக மாதம் முழுக்கச் சாப்பிட்டவருக்கு 2,900 ரூபாய், 24 நாள் சாப்பிட்டவருக்கு 2,420.

ரிடக்‌ஷனுக்கு விதி கண்டிப்பாக வேண்டும். குறைந்தது தொடர்ந்து நான்கு நாள், முந்தின நாள் மாலைக்குள் எழுதித் தர வேண்டும் என்று வைத்தோம். சொல்லாமல் போய்விட்டு வந்து "நான் இல்லையே" என்பவர்களுக்குக் குறைக்கக் கூடாது, நெருங்கிய நண்பராக இருந்தாலும். அவர்களுக்காக வடித்த சோறு வடித்ததுதான்.

இந்தக் கணக்கு முழுவதையும், பில் நகல்களோடு, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நான் உங்களிடம் கேட்டுக்கொள்ள விரும்பும் ஒன்றே ஒன்று இதுதான். கணக்கு சுவரில் இருக்கும்வரை சாம்பார் ஒரு நாள் தண்ணீராக இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். கணக்கு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டால் தலைவாழை விருந்து போட்டாலும் முணுமுணுப்பு நிற்காது.

ஆனால் பாக்கி வைத்தவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். முதல் மாதம் நான் ஒட்டினேன். அதில் பெயர் வந்த ஒரு தம்பி மூன்று நாள் மெஸ் பக்கமே வரவில்லை. டீக்கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் அறுவடைப் பணம் வரவில்லை, அவ்வளவுதான். அன்றே பட்டியலைக் கிழித்தேன். பிறகு பாக்கிக்காரர்களிடம் தனியாகப் பேசினோம், தவணை கொடுத்தோம். விருந்தினர் டோக்கனில் ஒரு பகுதியை ஒதுக்கி, கட்ட முடியாதவர்களுக்குக் காப்பாளர் மூலமாக யாருக்கும் தெரியாமல் உதவினோம். யாரையும் தட்டோடு திருப்பி அனுப்புவதில்லை என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது.

படி 6: சுத்தம்

சமைத்த உணவு ஒன்று 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமி பெருகும். மதியம் வடித்த சோற்றை அண்டாவில் அப்படியே மூடிவைத்து இரவு ஃப்ரைடு ரைஸ் ஆக்கும் பழக்கத்தை முதல் வாரமே நிறுத்துங்கள். சோற்றில் உருவாகும் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து, தேதி எழுதி, குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாளாவது வையுங்கள். யாருக்காவது வயிறு கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டி மேலேயே எழுதிவையுங்கள்.

படி 7: சமையல்கட்டு மனிதர்கள்

மாஸ்டர் உங்கள் அப்பா வயதில் இருப்பார். அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். உப்பு கூடிப்போனால் 180 பேரும் போய்க் கத்தக் கூடாது. செயலாளர் ஒருவர் மட்டும், பரிமாறி முடிந்த பிறகு, தனியாகச் சொல்ல வேண்டும். சம்பளம் ஒன்றாம் தேதி கைக்குப் போக வேண்டும், பில் வசூலாகவில்லை என்ற காரணம் அவர்களுக்குத் தேவையில்லை. அதற்காகத்தான் ஆண்டுத் தொடக்கத்தில் முன்பணம் வாங்குகிறோம். வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். மெனு போடும்போது அவர்களையும் உட்காரவையுங்கள். காலை பூரி, மதியம் வத்தக்குழம்போடு அப்பளம், இரவு பரோட்டா என்று ஒரே நாளில் எழுதினால் அடுப்படியில் நிற்பவர் நிலை என்ன என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

படி 8: எல்லோரும் ஒரே பந்தி

மெஸ்ஸை ஒரு மன்றமாக ஆக்குவது இந்தப் படிதான். எங்கே உட்காருகிறோம், யாரோடு உட்காருகிறோம் என்பது தமிழ்நாட்டில் சின்ன விஷயம் இல்லை. 1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது மாநிலமே கொதித்த விவகாரம் ஆனது. அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் 1925-இல் காங்கிரஸை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அந்தப் பந்தியும் இருக்கிறது. அது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று சுவரொட்டி ஒட்டி, எதிர்ப்பு வந்த பிறகு எடுத்தார்கள்.

ஆகவே சைவ உணவுக்குத் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம் வையுங்கள், அது தேவை. தனி மேசை வேண்டாம். சீனியர் தட்டை ஜூனியர் எடுத்துவருவது, ஜூனியர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பது மாதிரி "வழக்கங்கள்" இருந்தால் முதல் நாளே ஒழியுங்கள். அது ராகிங். தமிழ்நாட்டில் அதற்கெதிராக 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

நாங்கள் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு அறை எண்ணைச் சீட்டுப் போட்டு இடம் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் எல்லோரும் திட்டினார்கள். மூன்றாவது வாரம் சீட்டு வைக்க மறந்துபோனபோது "எங்கே சீட்டு?" என்று கேட்டார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு இருப்பவர்களுக்கு சஹர் உணவை யார் சூடாக்கித் தருவது என்று பட்டியல் போட்டோம், அதில் நோன்பு இல்லாதவர்களும் பெயர் கொடுத்தார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் ஒரு குழம்பு. கிறிஸ்துமஸுக்கு கேக். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் நான்கு நாள் முன்னாடியே விடுதி முற்றத்தில் பானை வைத்தோம். மாஸ்டர் அன்று அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டோம். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது, யாரும் குறை சொல்லவில்லை.

விடுதி நாள் விருந்துச் செலவை மாத பில்லில் சேர்க்காதீர்கள். தனி வசூல், தனிக் கணக்கு, அதுவும் சுவரில்.

படி 9: ஒப்படைப்பு

ஏப்ரலில் தேர்வு நெருக்கத்தில் இதைத் தள்ளிப்போடத் தோன்றும். புதிய செயலாளரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போங்கள். முதல் நாள் செய்தது போலவே மூட்டை மூட்டையாக எடை போடுங்கள். கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, மாணவர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டு, காப்பாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். பிறகு மாஸ்டரிடம் அழைத்துப் போய், "அண்ணா, இனிமேல் உளுந்துக்கு இவர் கதவைத் தட்டுங்க" என்று அறை எண்ணைச் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்துவிடுங்கள்.