ஒரு போனு, நாப்பது அட்டை: கிளாஸ்ல பிளிக்கர்ஸ் வெக்கறது எப்படீங்க

ஏனுங்க, மொதல்லயே சொல்லிப்போடறேன், "ஆசிரியர்களுக்கு 50 இலவச ஆப்"னு வாட்ஸப்புல சுத்துதே லிஸ்ட்டு, அதை நான் இங்க போடப்போறதில்லீங்க. அதுல முக்காவாசி ஒவ்வொரு கொழந்த கையிலயும் ஒரு டேப் இருக்குதுங்கற நெனப்புல செஞ்சது. தடப்பள்ளி வாய்க்கா ஓரத்துல இருக்கற எங்க ஈராசிரியர் பள்ளில எனக்கு மூணு, நாலு, அஞ்சுன்னு மூணு வகுப்பும் ஒரே ரூம்ல, மொத்தம் 18 பசங்க, நெட்டுக்கு என்ற போனு ஹாட்ஸ்பாட்டு. இதை வெச்சுட்டு என்ன ஓடுமோ அதை மட்டும் சொல்றேன்.

ஒரு கேள்வி கேட்டு "கை தூக்குங்க"ன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மொத பெஞ்சு அம்மிணி தூக்குனா பூரா தூக்கும், அவ எறக்குனா பூரா எறக்கும். கடைசில சுவத்தோரம் உக்காந்திருக்கற பையனுக்கு வகுத்தல் வருதா வரலையான்னு பரீட்சை பேப்பர் திருத்தறப்பத்தான் தெரியும், அதுக்குள்ள பாடம் மூணு தாண்டிப் போயிருக்கும். இதுக்குத்தான் பிளிக்கர்ஸ்னு ஒரு ஆப்பு. பசங்களுக்கு போன் வேண்டாம், ஆளுக்கு ஒரு காகித அட்டை போதும். நீங்க போன் கேமராவ வகுப்பு மேல ஒருக்கா ஓட்டுனா யாரு என்ன பதில் வெச்சிருக்காங்கன்னு பேரோட வந்துரும்.

மொதல்ல அட்டை

பிளிக்கர்ஸ் டாட் காம் (plickers.com) போயி உங்க ஜிமெயில் வெச்சு ஒரு கணக்கு தொறங்க, காசில்லை. அந்த தளத்துலயே கார்ட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஸ்டாண்டர்ட்ங்கறத டவுன்லோடு பண்ணா 40 அட்டை, ஒரு தாளுக்கு ரெண்டு வீதம் 20 தாள். ஜெராக்ஸ் கடைல கருப்பு வெள்ளைல எடுத்தா போதும், கலர் வேண்டாம். பாக்கறதுக்கு வாசல்ல போட்ட கோலம் பாதி அழிஞ்சாப்ல கருப்பா ஒரு உருவம் இருக்கும், ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு நெம்பரு, ஒவ்வொண்ணும் வேற வேற உருவம். நாலு பக்கத்துலயும் பொடி எழுத்துல ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேல இருக்கோ அதுதான் அந்தக் கொழந்தயோட பதில். எழுத்து பொடிசா இருக்கறதால பக்கத்து பெஞ்சு எட்டிப்பாத்து காப்பியடிக்க முடியாது, ஆளாளுக்கு உருவம் வேறங்கறதால உருவத்தப் பாத்தும் ஒண்ணும் புரியாது. இத யோசிச்சவங்க கண்டிப்பா வாத்தியாரா இருந்திருக்கணும்னு நெனைச்சுக்குவேன்.

வெறும் தாள் ஒரு வாரம் தாங்காதுங்க. நான் கல்யாணப் பத்திரிகை அட்டைல ஒட்டுனேன், வைகாசி ஆவணி முகூர்த்தம் முடிஞ்சா நம்மூர்ல ஒவ்வொரு ஊட்லயும் ஒரு கட்டு கெடக்கும். லேமினேசன் போடறதா இருந்தா பளபளன்னு போடாதீங்க, ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்குனா கேமராவுக்கு உருவம் தெரியாது. மங்கலா மேட்டுன்னு கேட்டா போட்டுத்தருவாங்க, இல்லீன்னா சும்மா அட்டையே போதும்.

இங்கதான் நான் மாட்டுனேன்

மொத நாள் என்ன ஆச்சுன்னா, மூணு கேள்வி கேட்டேன், மூணுக்கும் நல்லாப் படிக்கற புள்ளைக்கே சிவப்பா வருது. "டீச்சர், நான் ஏ தான் வெச்சேன்"னு அழுதே போட்டா. அட்டைய வாங்கிப் பாத்தா ஏ தான் மேல இருக்கு, போன்ல சி ங்குது. ஆப்புல கோளாறுன்னு அன்னிக்கு மூட்டை கட்டி வெச்சுட்டேன். பொழுதோட ஊட்டுக்கு வந்து தோசை ஊத்தறப்பத்தான் சட்டுனு வெளங்குச்சு.

கொழந்த அட்டைய தன் பக்கம் பாத்து ஏ மேல வர்ற மாதிரி வெச்சுக்குது, அப்புறமேட்டு என் பக்கம் திருப்புது. தோசை திருப்பறாப்ல மேலருந்து கீழ திருப்புனா ஏ கீழ போயி சி மேல வந்துரும், பி வெச்சவனுக்கு டி ஆயிரும். பொஸ்தகத்துல பக்கம் திருப்பறாப்ல சைடுல திருப்பணும், அப்பத்தான் மேல இருந்தது மேலயே நிக்கும். இதை எந்த யூடியூப் வீடியோலயும் எனக்கு யாரும் சொல்லலைங்க.

பொடுசுகளுக்கு இத சொல்லிச் சொல்லி வாய் வலிக்கறதுக்கு பதிலா நான் அட்டையோட பின்னாடி பக்கம் கலர் போட்டுட்டேன். ஏ இருக்கற அதே ஓரத்துக்குப் பின்னால சிவப்பு, பி க்குப் பின்னால பச்சை, சி மஞ்சள், டி நீலம், ஸ்கெட்ச்ல பட்டையா ஒரு கோடு. இப்ப கொழந்த அட்டைய திருப்பவே வேண்டாம், கலர் பக்கம் தன்னப் பாத்து, உருவம் என்னப் பாத்து, வேணுங்கற கலர் மேல. போர்டுலயும் நாலு விடைய நாலு கலர் சாக்பீஸ்ல எழுதிப்போட்டா ஏபிசிடி தெரியாத ஒண்ணாப்பு புள்ளைகூட ஆடும். பின்னால கலர் போட்டா பக்கத்து ஆளுக்குத் தெரியாதான்னா தெரியும்ங்க, கொஞ்சம் தெரியும். அதுக்கு அட்டைய நெஞ்சோட ஒட்டிப் புடிக்கச் சொல்லிப்பழக்கிட்டேன்.

வகுப்பு, பேரு, கேள்வி

தளத்துல நியூ கிளாஸ்னு அழுத்தி ஒரு வகுப்பு போடுங்க, பேரு ஒவ்வொண்ணா ஏத்துனா அட்டை நெம்பர் தானா ஒட்டிக்கும். முழுப்பேரு, அப்பா பேரெல்லாம் வேண்டாங்க, அது எங்கியோ இருக்கற கம்பெனி கம்ப்யூட்டர்ல போயி உக்காரப்போகுது, கொழந்தைங்க விவரம் அங்க எதுக்கு. மொத எழுத்தும் வரிசை நெம்பரும் போதும். மூணு வகுப்பும் ஒரே ரூம்னா எல்லாத்தையும் ஒரே கிளாஸா போட்டுக்கங்க, இல்லீன்னா 7ஆம் நெம்பரு அட்டைக்கு மூணு பேரு அடிச்சுக்குவாங்க.

அடுத்து நியூ செட், அதாவது ஒரு கேள்விக் கட்டு. இலவசக் கணக்குல ஒரு செட்டுக்கு அஞ்சு கேள்விதான், தொடக்கப்பள்ளிக்கு அதுவே தாராளம். கேள்வி அடிக்கறது பெருசில்லை, போன்ல ஜிபோர்டுங்கற கீபோர்டுல தமிழ் வந்துரும். தப்பு விடைய யோசிக்கறதுலதான் வேலையே இருக்கு. ஏனோதானோன்னு மூணு தப்பு விடை போட்டா வந்த ரிசல்ட்ட வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒவ்வொரு தப்பு விடையும் ஒரு கொழந்த நெசமாவே நெனைக்கற தப்பா இருக்கணும்.

அஞ்சாப்புக்கு நான் கேட்டது: 1/3 பெருசா, 1/4 பெருசா, ரெண்டும் ஒண்ணா? ஏழு பேருல அஞ்சு பேரு 1/4. ஏன்னா மூணை விட நாலு பெருசு, அவ்ளோதான் கணக்கு. வாயில கேட்டிருந்தா "1/3 டீச்ச்சர்"னு கோரஸா பதில் வந்திருக்கும், நானும் தாண்டிப் போயிருப்பேன். அடுத்த நாள் ஊட்ல இருந்து ரெண்டு ஒப்புட்டு (போளி) எடுத்துட்டுப் போயி ஒண்ண மூணா, ஒண்ண நாலா வெட்டி "எந்தத் துண்டு வேணும்"னு கேட்டேன். நாலா வெட்டுனத ஒருத்தன்கூட தொடலை. மறுக்கா அதே கேள்விய அட்டைல கேட்டதுல ஆறு பேரு சரி. மிச்சம் ஒருத்தன் மட்டும் இன்னும் 1/4 தான், அவங்கிட்ட தனியா உக்காரணும்.

ஸ்கேன் பண்றது

போன்ல ஆப்ப போட்டு அதே கணக்குல நுழைஞ்சு, கிளாஸ எடுத்து, செட்டைத் தொட்டு, கேள்வி வந்தவொடனே கேமரா பட்டனை அழுத்துங்க. இந்தக் கோடிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவா ஓட்டுங்க, கல்யாண வீடியோக்காரர் பந்தில ஓட்டறாப்ல. கேமரா படிச்ச பதில் சரியா இருந்தா பேரு பச்சை, தப்பா இருந்தா சிவப்பு. ஒரு பேரு வரவே இல்லீன்னா பத்துக்கு ஒம்பது வாட்டி வெரலு உருவத்த மறைச்சிருக்கும், ஓரத்தைப் புடிக்கச் சொல்லுங்க. ஸ்மார்ட் போர்டோ டிவியோ இருந்தா தளத்தை அதுல தொறந்து வெச்சா கேள்வி பெருசாத் தெரியும். இல்லாட்டி சாக்பீஸ் போதும், நான் பாதி நாளு அப்படித்தான்.

யாரு பதில் தப்புன்னு பேரோட டிவில காட்டாதீங்க, சொல்லிட்டேன். அது உங்க கண்ணுக்கு மட்டும்.

கூட ரெண்டு

பிளிக்கர்ஸ் என்ன தெரியலைன்னு சொல்லும், சொல்லிக்குடுக்காது. அதுக்கு நான் ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் வெச்சிருக்கேன், பிரதம் புக்ஸ்ங்கற பதிப்பகம் 2015ல ஆரம்பிச்சது, படக்கதைங்க தமிழ்லயே எக்கச்சக்கமா கெடக்கு. மொழில தமிழ், லெவல்ல 1னு போட்டா பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரியோட கதைங்க வரும். பிடிஎஃப்பா எறக்கி போன்ல வெச்சுக்கிட்டா அப்புறம் நெட்டே வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமைல இருக்கறதால பிரிண்ட் போட்டு பசங்களுக்கு குடுக்கலாம், கதைய எழுதுனவங்க பேரை மட்டும் அதோட வெச்சுருங்க.

அப்புறம் தீக்ஷா, கவர்மெண்டு பாட ஆப்பு. நம்ம பாடப்பொஸ்தகத்துல இருக்கற க்யூஆர் கோடு சும்மா அழகுக்கு இல்லீங்க, தீக்ஷா ஆப்புல ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்குண்டான வீடியோ வரும். முந்தின நாள் ராத்திரி ஊட்டு வைஃபைல எறக்கிக்கங்க, கிளாஸ்ல போயி சுத்தற வட்டத்தப் பாத்துட்டு நின்னா 18 பேரும் உங்களைத்தான் பாப்பாங்க. எல்லா வீடியோவும் நல்லா இருக்காது, சிலது சொன்னதையே சொல்லி இழுக்கும், போட்டுப்பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க.

அட்டைய தாம்பூலப் பைல போட்டு ஆணில மாட்டி வெச்சுட்டேன், குடுக்கறது வாங்கறது ரெண்டும் ஒரு நாலாப்பு பையன் பொறுப்பு. ஒரு அட்டை காணாமப் போச்சுன்னா அந்த நெம்பரு இருக்கற தாளை மட்டும் மறுக்கா பிரிண்ட் எடுத்தா போதும். எங்க வகுப்புல 9ஆம் நெம்பரு இதோட மூணாவது வாட்டி, எந்த ஊட்ல காத்தாடி ஆகிப் போச்சுன்னு எனக்குத் தெரியும், கேக்கலை.