முன்திட்டமில்லாக் குவில்ட் வகுப்புக்குத் துணியும் கருவியும் தயார் செய்தல்

வரைபடமோ அளவுத்தாளோ இல்லாமல், துணியை வெட்டி, தைத்து, தைத்ததையே மறுபடி குறுக்கே வெட்டி, கண்ணுக்கு நிறைவு தரும் வரை வளர்த்துக்கொண்டு போகும் ஒட்டுத்துணி வேலைக்கு இம்ப்ரொவைசேஷன் குவில்ட் என்று பெயர். வடிவமே வகுப்பில்தான் பிறக்கும் என்னும்போது வீட்டில் செய்ய என்ன இருக்கிறது என்று எண்ணிப் பலரும் கைக்குக் கிடைத்ததை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு முதல் நாள் காலைப்பொழுது முழுவதும் இஸ்திரி போடுவதிலும் பாபினில் நூல் சுற்றுவதிலும் போய்விடுகிறது. இரண்டு நாள் வகுப்பில் ஏறக்குறைய 40 அங்குலத்துக்கு 50 அங்குல அளவில் ஒரு மேற்பரப்பை, அதாவது குவில்ட் போர்வையின் மேலடுக்கை, தைத்து முடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

துணியின் வகையில் குழப்பமே வேண்டாம்: நூறு சதவீதப் பருத்தி போதும். பாப்ளின், கேம்பிரிக், காடா, பழைய வேட்டி, நைந்துபோகாத சுங்குடிச் சேலை, தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத் துணி எல்லாம் நன்றாக வேலைக்கு வரும். நீண்டு சுருங்கும் துணியும் வழுக்கும் பட்டும் முதல் வகுப்புக்கு ஆகாது. வெட்டுத் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று ஐயம் எழுந்தால், ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். சூடான இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அந்த மணிதான் உங்களுக்குத் தொல்லை தரும்.

அடுத்தது துவைத்தல். ஒரு முறை, துவைக்காத சிவப்பு ரவிக்கைத் துணியை வெள்ளை வேட்டிப் பட்டைகளுக்கு நடுவே வைத்துத் தைத்தேன். முடித்த பிறகு போட்ட முதல் அலசலிலேயே அத்தனை வெள்ளையும் ரோஜா நிறமானது. அன்றிலிருந்து ஒவ்வொரு அடர் நிறத் துணியின் மூலையையும் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்திப் பார்க்காமல் நான் வெட்டுவதில்லை. கைக்குட்டையில் நிறம் ஏறினால், அலசும் தண்ணீர் தெளியும் வரை அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். நான்கைந்து முறைக்குப் பிறகும் சாயம் போனால் அது இந்த வேலைக்கு வேண்டாம். உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்திவிடும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. துவைத்து, அரை ஈரத்திலேயே இஸ்திரி போட்டு, வாயில் (voile) போன்ற மெல்லிய துணிக்கு மட்டும் லேசாகக் கஞ்சி போட்டால் வெட்டும்போது நெளியாது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் தேர்வு. நிறத்தைவிட வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற வேறுபாடுதான் குவில்ட்டைத் தூக்கி நிறுத்துகிறது. எடுத்து வைத்த துணிகளை ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை தெரியும்படி அடுக்கி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். அரக்கும் கரும்பச்சையும் மயில்கழுத்தும் நேரில் எவ்வளவோ வேறாகத் தெரிந்தாலும், படத்தில் ஒரே சாம்பல் பரப்பாகிவிடுவதைக் காணலாம். பெரும்பாலானோர் கொண்டுவரும் மூட்டை அப்படித்தான் இருக்கிறது: எல்லாம் நடுத்தரம், எல்லாம் பூப்போட்டது. மூன்றில் இரண்டு பங்கு வெறும் நிறத் துணியாக இருக்கட்டும். வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் ஒன்றும், கறுப்புக்கு அருகே ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரேறின. பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் வெளுக்காமல் நின்ற நீலக் கட்டத்தை அவர்கள் அப்படியே வடிவமாக்கினார்கள். நம் அண்டையில், கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்களும் பழந்துணியைக் கொண்டே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கவண்டி என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். ஆகவே வெளுத்த சட்டையையும் கரை மங்கிய வேட்டியையும் ஒதுக்காமல் எடுத்து வையுங்கள்.

அளவுக்கு வருவோம். இரண்டு அங்குல அகலப் பட்டையை இருபுறமும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒன்றரை அங்குலம்தான் கண்ணுக்குத் தெரியும். துண்டு சிறுத்தால் இழப்பு இன்னும் கூடும். 44 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் கணக்குக்குப் போதும் என்று தோன்றினாலும், மூன்று மீட்டர் இல்லாமல் கை தாராளமாக ஓடாது. வெறும் நிறத்தில் அரை மீட்டராக நான்கு, அச்சுத் துணியில் கால் மீட்டராக நான்கு, அவற்றோடு ஒரு பை வெட்டுத் துணி என்று பிரித்துக்கொள்ளலாம். நெசவின் கெட்டியான ஓரக் கரையை மட்டும் நீக்கிவிட்டு முழுத் துண்டாகவே கொண்டுவாருங்கள். முன்னதாகச் சதுரம் சதுரமாக வெட்டி வருபவருக்கு வகுப்பில் வெட்டிப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புதிய ஊசி மாட்டுங்கள். பருத்திக்கு 14ஆம் எண் ஊசி ஒத்துவரும். தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்து வைப்பதற்குக் காரணம் உண்டு: இந்த வேலையில் தைத்த இடத்தையே குறுக்கே வெட்டுவதால், தொடக்கத்திலும் முடிவிலும் போட்ட கெட்டித் தையல் வெட்டோடு போய்விடும், நெருக்கமான தையல்தான் பிரியாமல் காக்கும். நூல் எல்லா நிறத்துக்கும் இடைச் சாம்பல் நிறம் ஒன்றே போதும். ஐந்து பாபின்களை வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள்.

வெட்டுவதற்கு 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டரும் (வட்ட பிளேடு உருண்டு வெட்டும் கருவி), புதிய பிளேடும், அடியில் விரிக்க அதற்குரிய கட்டிங் மேட்டும் இருந்தால் வேகம் கூடும். இல்லாதவர்கள் சாணை பிடித்த கத்தரிக்கோலைக் கொண்டுவரலாம், அதன் கோணல் வெட்டு இந்த வேலைக்கு அழகுதான். குண்டூசி, தையல் பிரிக்கும் ஊசி, சிறு இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. துண்டுகளை ஒட்டி வைத்துத் தள்ளி நின்று பார்க்கச் சுவரில் ஒன்றரை மீட்டர் வெள்ளை ஃபிளானல் (மெல்லிய பஞ்சு மயிர் எழும்பிய துணி) வேண்டும். அது கிடைக்காவிட்டால், சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பைத் திருப்பி மாட்டுங்கள். அடிப்பக்கத்தில் பஞ்சு போன்ற பரப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பருத்தித் துண்டுகள் குண்டூசி இல்லாமலே அதில் பற்றி நிற்கும்.

நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பும் அடித்துணியும் மேற்பரப்பு முடிந்த பிறகே தேவைப்படும் என்பதால், அவற்றை இந்த வகுப்புக்குச் சுமந்து வர வேண்டாம்.