மண்டபத்தை இருட்டாக்கும் ஃபிளாஷ்: கல்யாண போட்டோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கத்துக் கல்யாண ஆல்பம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பொண்ணு மாப்பிள்ளை பளிச்சென்று இருப்பார்கள், பின்னால் மண்டபமே இருக்காது. காசைக் கொட்டிப் போட்ட பூ அலங்காரம், சீரியல் லைட், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சித்தப்பா எல்லாம் கருப்புக்குள் போயிருக்கும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/200 நொடி என்று வைத்துவிட்டு மொத்த வேலையையும் ஃபிளாஷ் தலையில் கட்டினால் இப்படித்தான் வரும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பலர் விடுவது இந்த ஒரு வேலையைத்தான். பின்னணி கொஞ்சம் மங்கலாக, ஆனால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வரும்படி முதலில் செட்டிங் வையுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 3.2, ஷட்டர் 1/100 என்று ஆரம்பித்து மண்டபத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் முகத்துக்கு மட்டும் ஃபிளாஷைக் குறைந்த பவரில் சேர்த்தால் போதும். ஃபிளாஷின் வெட்டு ஒரு நொடியில் மிகச் சிறிய பங்குதான் நீடிக்கிறது. அதனால் ஷட்டரை நிதானமாக்கினால் ஃபிளாஷின் அளவு மாறாது, மண்டபத்தின் வெளிச்சம்தான் கூடும். அதற்காக 1/30 வரை இறங்க வேண்டாம், அட்சதை போடும் கைகள் இழுத்துக்கொண்டு வரும். மேலே போவதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கருப்புப் பட்டை விழும்.

பவரைக் குறைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. கெட்டிமேளம் கொட்டியதும் மூன்று முடிச்சும் சில நொடிகளில் விழுந்துவிடும். முழு பவரில் அடித்த ஃபிளாஷ், பென்சில் பேட்டரியில் மறுபடி சார்ஜ் ஏற இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளும். முதல் முடிச்சு கிடைக்கும், நாத்தனார் போடும் முடிச்சு இருட்டில் போய்விடும். 1/8 பவரில் வைத்தால் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கலாம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் புது பேட்டரி போடுவதைச் சிக்கனம் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது.

ஃபிளாஷைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டால் வெளிச்சம் மென்மையாகும் என்று எல்லோருக்கும் தெரியும். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால் சரி. பெரிய மண்டபங்களில் கூரை இரண்டு மாடி உயரத்தில் இருக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், மேலே போய்த் திரும்பி வருவதற்குள் மிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே மஞ்சளோ சிவப்போ துணிப் பந்தல் கட்டியிருந்தால் அந்த நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். கோயில் கல்யாணம் என்றால் கருங்கல் கூரை வெளிச்சத்தைக் குடித்துவிடும். பக்கவாட்டில் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் உதவிப் பையன் கையில் ஒரு தெர்மோகோல் அட்டையைக் கொடுத்து நிறுத்துங்கள். விலை கொஞ்சம், வேலை நிறைய.

சேலத்துக்கென்று உள்ள சிக்கல் வெண்பட்டு. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் வெண்பட்டு வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை, மாமனார், மச்சான்கள் வரிசையாக நிற்கும்போது, டிடிஎல் முறையில் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளந்து பவரைக் கேமராவே முடிவு செய்யும் முறை) இருக்கும் ஃபிளாஷ் ஏமாந்துபோகும். படம் முழுக்க வெள்ளை என்பதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துக்கொள்ளும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் கறுக்கும். ஃபிளாஷ் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் பட்டின் மடிப்பும் கரையும் காணாமல் போகும். ஆட்கள் ஒரே இடத்தில் நிற்கிற மேடைக்கு, பவரை நாமே வைக்கும் மேனுவல்தான் நல்லது.

மெட்டி போடும் சடங்கு இன்னொரு இடம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர் இது. ஆனால் ஆல்பத்தில் கொலுசும் மெட்டியும் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். வெள்ளி தன் எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். எதிரில் சின்ன ஃபிளாஷ் தலை இருந்தால் கூர்மையான பளிச்சல் ஒன்று, மற்றதெல்லாம் இருட்டு. எதிரில் அகலமான வெள்ளைப் பரப்பு இருந்தால் கொத்து வேலை, சலங்கை, அரும்பு எல்லாம் தெரியும். அம்மி மேல் கால் வைக்கும்போது ஒரு பக்கம் அந்தத் தெர்மோகோல் அட்டையைத் தரையோடு சாய்த்துப் பிடித்து, ஃபிளாஷை அதில் அடித்துத் திருப்பிவிடுங்கள். ஜரிகைக்கும் இதே வழிதான்.

“கண்ணு, பொண்ணு நல்லா கலரா வரணும்” என்று பொண்ணோட அம்மா கேட்காத கல்யாணம் இருக்காது. அதற்காக வெளிச்சத்தைக் கூட்டிக் கொட்டுவது நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம். முகத்தின் மேடு பள்ளம் போய்விடும், நெற்றிக் குங்குமம் ஆரஞ்சாகும், வெளுத்துப்போன இடத்தை எடிட்டிங்கில் மீட்கவும் முடியாது. மாநிறம் மாநிறமாகவே அழகாக வரும், ஒரு பக்கத்திலிருந்து மென்மையாக வெளிச்சம் விழுந்தால் போதும். போதாததற்கு மேக்கப் வேறு. சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சில பவுடர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, ஃபிளாஷ் பட்டதும் சாம்பல் பூசியது போல் வெளுக்கும். மேக்கப் அறையிலேயே ஒரு டெஸ்ட் படம் எடுத்து அழகுக்கலைஞரிடம் காட்டிவிடுங்கள். மேடையில் சொன்னால் சண்டைதான் வரும்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மண்டபத்து மஞ்சள் விளக்கு ஏறக்குறைய 3200 கெல்வின், ஃபிளாஷ் 5500. அப்படியே எடுத்தால் முகம் நீலம் பாய்ந்தும் பின்னணி ஆரஞ்சாகவும் வரும். ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் தாள் (நிறக் கண்ணாடித் தாள்) ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனுக்கு (மஞ்சள் விளக்குக்கான அமைப்பு) மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். எல்இடி திரையும் கலர் லைட்டும் இருக்கும் ரிசப்ஷனில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தொடாதீர்கள், கோடு கோடாக விழும். பொண்ணு வீட்டுக்கு ஒரு டீம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு டீம் என்று வந்திருந்தால் ஃபிளாஷை வயரில்லாமல் இயக்கும் ட்ரிக்கரின் சேனலைப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கிளிக்குக்கு உங்கள் ஃபிளாஷ் வெட்டும்.

ஏற்காட்டில் போட்டோஷூட் என்றால் கணக்கே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. கேமரா மேல் மாட்டிய ஃபிளாஷ் பனித்துளிகளில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பும், ஜோடி வெள்ளைத் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். ஃபிளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் போட்டு, ஜோடிக்குப் பின்னாலோ பக்கத்திலோ வையுங்கள், அதே பனி ஒளிர ஆரம்பிக்கும். ஹோமப் புகைக்கும் இது பொருந்தும். வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் மூடியைப் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் எடுப்பதில் அர்த்தமில்லை. சுற்றிலும் சுவரே இல்லாத இடத்தில் அது பவரைத் தின்பதோடு சரி. பகோடா பாயிண்ட் மாதிரி திறந்த முனைகளில் குடை மாட்டிய ஸ்டாண்டைக் காற்று சாய்த்துவிடும், காலில் மணல் மூட்டை கட்டுங்கள். ஏசி காரில் சில்லிட்ட லென்ஸை இறங்கியவுடன் வெளியே எடுத்தால் ஈரம் படியும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருங்கள், அதற்குள் ஸ்டாண்டை நிறுத்தி ஃபிளாஷின் இடத்தைப் பார்த்துவிடலாம்.