ரோஜாவில் செஞ்சிலந்தி: இலையைத் திருப்பிப் பாருங்கள்

ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் ரோஜா. மாசி பிறந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள், பூப்பறிப்பு முடிந்த கையோடு லென்ஸை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றுவேன். நகைக்காரர்கள் வைத்திருப்பார்களே, 10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், அதுதான்.

செஞ்சிலந்தி என்று பெயர் இருப்பதால் பலரும் சிவப்பாகத் தேடுகிறார்கள். ரோஜாவில் அதிகம் வருவது இரட்டைப்புள்ளி சிலந்திப்பேன். உடம்பு வெளிர்மஞ்சள் அல்லது இளம்பச்சை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி. நீளம் அரை மில்லிமீட்டர்தான். பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால். அதனால்தான் பூச்சிமருந்து பலவும் அதனிடம் எடுபடுவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடம் முன்பு இலைப்பேனுக்கு (த்ரிப்ஸ் பூச்சி) என்று கடையில் கொடுத்த மருந்தை அடுத்தடுத்து மூன்று முறை அடித்தேன். இலைப்பேன் போனது. கூடவே சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேனும் கறுப்புப் பொறிவண்டும் செத்துப் போயின. கீழ் இலை வெளுத்தபோது ரோட்டுத் தூசு என்று இருந்துவிட்டேன். என் மாமியார்தான் இலையின் அடியைத் தடவி, "சொரசொரன்னு இருக்கும்மா, இது தூசு இல்ல" என்றார். பத்து நாளில் மொட்டு வரை நூலாம்படை. பங்குனி முகூர்த்தத்துக்கு ஒரு கூடை நல்ல பூ தேறவில்லை. வெயில் காலத்தில் முட்டை மூன்று நாளில் பொரிக்கும், பத்து நாளுக்குள் வளர்ந்து மறுபடி முட்டையிடும். ஒரு பெண் நூறு முட்டை வரை இடும். பத்து நாள் அசந்தால் அவ்வளவுதான்.

சரி, பார்க்கும் முறைக்கு வருகிறேன். 20 செடி பார்ப்பேன். ரோட்டோர வரிசை, காற்று வரும் பக்கம், சொட்டுநீர் சரியாக எட்டாத கடைசி வரிசை, இந்த மூன்றிலும் கட்டாயம் சில செடிகள் உண்டு. தூசும் வாட்டமும் உள்ள இடத்தில்தான் முதலில் பிடிக்கும். ஒவ்வொரு செடியிலும் கீழ் இலை ஒன்று, நடு இலை ஒன்று. மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தால் திருப்பி, நடுநரம்பை ஒட்டி லென்ஸை வையுங்கள். கண்ணாடி மணி மாதிரி உருண்டையாக இருப்பது முட்டை. வெள்ளையாக, அசையாமல் சுருங்கிக் கிடப்பது உரித்த சட்டை. சட்டை மட்டும் இருந்து உயிருள்ளது இல்லை என்றால் மருந்து வேண்டாம். பேரிக்காய் வடிவில், பளபளப்பாக, விறுவிறுவென்று ஓடுவது நல்ல பேன். அதன் முட்டை நீள்வட்டமாக இருக்கும். லென்ஸ் கையில் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் உயிருள்ளது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பேன் இருந்த செடியில் சிவப்புத் துணி கட்டி, எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதுவேன். 20 செடியில் இரண்டு மூன்றில் இருந்தால் அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு எரித்துவிட்டு, காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாக அடிக்கிறேன். அடுத்த சுற்றில் ஐந்தைத் தாண்டி, நல்ல பேனும் கண்ணில் படாவிட்டால்தான் சிலந்திக்கென்று உள்ள மருந்து. ஐந்து என்பது என் அனுபவக் கணக்கு. ஒரே வகை மருந்தைத் திரும்ப அடிக்காதீர்கள், சீக்கிரம் பழகிக்கொள்ளும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) என்றால் கடும் வெயிலில் கூடவே கூடாது, இலை கருகும். மருந்துக்குத் தப்பிய முட்டை பொரிக்கும் என்பதால் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் லென்ஸோடு போகவேண்டும். துணி கட்டிய வரிசையில் கடைசியாகப் பூப்பறியுங்கள். சேலையில் ஒட்டி அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

மிளகாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே வரும் மஞ்சள் சிலந்தி நுனிக்குருத்தில் இருக்கும். இலை கீழ்நோக்கிச் சுருண்டால் அது. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். சந்தேகம் என்றால் இலையைக் கவரில் போட்டுப் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோங்கள்.

இன்று காலை எனக்கு 20-க்கு மூன்று, மூன்றும் ரோட்டோரம். இலை கிள்ளியாயிற்று. வெள்ளிக்கிழமை திரும்பப் பார்க்கவேண்டும்.